ஒன்பதாவது குழியில் எண்ணெய் இல்லை

நெகேமியாவுக்கு முதலில் அநியாயம் செய்தவர் மொர்தெகாய் முதலாளி. அவருக்கு அடுத்தபடி, அவர் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்ற எட்டு ஆண்கள். மூன்றாவது மழை, ஏனென்றால் அந்த வருடத்து மழை கோரைமுனையின் கரண்டுக் கம்பத்தைச் சாய்க்காமல் இருந்திருந்தால் நெகேமியா யாருடைய விளக்கு வெளிச்சத்துக்கும் போய் நின்றிருக்க வேண்டியதில்லை. இந்த வரிசையை அவர் நாற்பத்தோரு வருடமாக ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. செய்தவனின் பேரை முதலில் சொல்லிவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஊர் மறந்துவிடும், ஊர் மறப்பதற்காகத்தான் தினமும் பொழுதே விடிகிறது என்பது அவர் கட்சி.

கோரைமுனை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துறைமுகம். மாதா கோயிலும் பள்ளிவாசலும் பிள்ளையார் கோயிலும் இருக்கும் அந்த ஊரில், எந்தக் காலத்திலோ பவளம் வாங்கக் கப்பலேறி வந்து, திரும்பிப் போகக் காற்று வாய்க்காமல் தங்கிவிட்ட யூதர்களுக்கும் ஒரு தெரு இருந்தது. பதினோரு வீடு, ஒரு ஜெப ஆலயம். வீட்டில் தமிழ் பேசினார்கள், எபிரேயத்தில் ஜெபித்தார்கள், மீன்காரி மிக்கேலம்மாளிடம் செதில் இல்லாத மீனை வாங்கமாட்டோம் என்று தகராறு செய்தார்கள். அவர்களுடைய ஹனுக்கா பண்டிகை மழைக்காலத்தில் வரும். எருசலேம் தேவாலயத்தை ஓர் அந்நிய ராஜா பிடித்துக்கொண்டு அதில் தன் சிலையை வைத்தான் என்றும், மலையில் ஒளிந்திருந்த அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு ஆலயத்தை மீட்டார்கள் என்றும், கழுவித் துடைத்து விளக்கேற்றப் போனால் முத்திரை உடையாத எண்ணெய்ச் சாடி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றும், ஒரே ஒரு நாளைக்குப் போதுமான அந்த எண்ணெய், புது எண்ணெய் ஆட்டிக் கொண்டுவருகிற வரைக்கும் எட்டு நாள் எரிந்தது என்றும் அவர்கள் சொல்வார்கள்.

"ஒரு நாளைக்குத்தான் எண்ணெய் இருந்துச்சே, அப்போ அதிசயம் ஏழு நாளுதானய்யா?" என்று டீக்கடை பக்கீர் மைதீன் வருடம் தவறாமல் கேட்பான்.

"ஒரு நாள் எரியிறதே அதிசயம்தான், உம்ம கடை ஸ்டவ்வைப் பார்த்தா தெரியலையா?" என்று நெகேமியா வருடம் தவறாமல் பதில் சொல்வார்.

ஆகவே எட்டுச் சாயங்காலம். முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு, அப்படியே ஏறி எட்டாம் நாள் எட்டு. ஜெப ஆலயத்தில் பித்தளைத் தகட்டில் எட்டுக் குழி வரிசையாக இருக்கும், தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி ஜன்னலில் வைப்பார்கள். எண்ணெயின் ஞாபகமாக வீட்டுக்கு வீடு நெய்யப்பம் பொரியும். ஆனால் அந்த விளக்குக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அது பார்ப்பதற்கு மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் ஊசி கோர்க்கக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, கீழே விழுந்த பொத்தானைக்கூடத் தேடக் கூடாது. அது எரிகிற நேரம் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், வருடத்தில் ஆண்கள் அதிகமாகத் திட்டு வாங்குவது அந்த நேரத்தில்தான். மனுஷன் தவறுவான் என்று தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான், எட்டுக்கும் மேலே சற்று உயரத்தில் ஒன்பதாவதாக ஒரு குழியும் வைக்கச் சொல்லியிருந்தான். அது வேலைக்கார விளக்கு. எண்ணிக்கையில் சேராது. கோரைமுனையில் அதைக் கடைசியாக ஏற்றுவார்கள். யாராவது தெரியாமல் அந்த வெளிச்சத்தில் ஒரு காரியம் செய்துவிட்டால், செய்தது வேலைக்கார விளக்கின் வெளிச்சத்தில் என்று ஆகிவிடும், குற்றம் இல்லை. அதை ஏற்றாமல் விட்டிருந்தால் குற்றம் விளக்கேற்றியவர் தலையில்.

நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால், பண்டிகையின் ஐந்தாம் நாள் சாயங்காலம், கரண்டு இல்லாத தெருவில், கொட்டுகிற மழையில், தபால்காரர் நெகேமியாவைப் பார்த்துக் கையில் ஒரு தந்தியைத் திணித்துவிட்டு ஓடினார். நெகேமியா தோணிப் பலகை இடுக்கில் பஞ்சு திணிக்கிற வேலைக்காரர். படிப்பு என்றால் தோணிகளின் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எழுத்துகள்தான். அவருக்கு ஒரே மகன், யாபேத், பத்தொன்பது வயது, கொச்சியில் இழுவைப் படகில் வேலை. தந்தி கொச்சியிலிருந்து வந்திருந்தது. எதிரில் ஜெப ஆலயத்து ஜன்னலில் ஐந்து விளக்கு எரிந்தது. அவர் தந்தியை ஜன்னல் கம்பியில் ஒட்ட வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். மகனுடைய பேரைக் கண்டுபிடிக்கவே அத்தனை நேரம் ஆயிற்று. மூழ்கினான் என்ற வார்த்தை எந்தத் தோணியிலும் எழுதாத வார்த்தை, அதற்கு இன்னும் கூடுதல் நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் கண் முன்னால் ஒன்பதாவது குழி இருந்தது. அதில் எண்ணெய் இல்லை, திரி இல்லை. காய்ந்து கிடந்த குழிக்குள் ஓர் ஈசல் மட்டும் சிறகு நனையாமல் செத்துக் கிடந்தது.

உள்ளேயிருந்து மொர்தெகாய் முதலாளி பார்த்துவிட்டார். எண்ணெய் மில்லுக்காரர், பண்டிகை எண்ணெய் அவர் உபயம், விளக்கேற்றுகிறவரும் அவர்தான். வெளியே வந்து எட்டு ஆண்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"பண்டிகை வெளிச்சத்தைக் காரியத்துக்கு எடுத்திருக்கான். இனிமே இவனை எண்ணிக்கையில சேர்க்கக் கூடாது."

"ஒன்பதாவது எரியலையே முதலாளி! குழி காஞ்சு கெடக்கு, ஈசல் கெடக்கு, வந்து பாருங்க!"

"என் மில்லு எண்ணெய், என் கையால ஊத்தி ஏத்தினேன். எனக்குத் தெரியாதா? தெரியாம செஞ்சவனைத்தான் அது காப்பாத்தும், இவன் தெரிஞ்சே நின்னு படிச்சிருக்கான்."

யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மறுநாளிலிருந்து முதலாளி முகத்தில் முழிக்க வேண்டுமே.

இதில் என்ன போயிற்று என்று வெளியார் கேட்கலாம். செத்தவர்களுக்காகச் சொல்கிற ஜெபம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் இல்லாதது மாதிரிதான். மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவது ஆகாது என்பதால், பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொல்லாகக் காட்டுவார்கள். நெகேமியாவைத் தள்ளிய நாளிலிருந்து அந்தத் தெருவில் வசனம் ஒன்பதாம் சொல்லோடு நின்றது. ஓர் ஆண் இறந்தால் ஒரு பையன் பதின்மூன்று வயதை எட்டி அந்த இடத்துக்கு வருவான், ஒருவன் வளர்ந்தால் ஒருவன் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறுவான். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்த நாளில் உள்ளூரில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும். நாற்பத்தோரு வருடம் ஒன்பதே பேர். பத்தாவது ஆள் வாசலில் மழையிலும் வெயிலிலும் நடந்துகொண்டிருந்தார், அவரைக் கூப்பிடுவதைவிட ஜெபம் இல்லாமல் சாவது மேல் என்று தெரு முடிவு செய்திருந்தது. யாபேத்துக்கு ஜெபம் சொல்லப்படவில்லை.

அன்றிலிருந்து நெகேமியாவால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்து ஜெப ஆலயம் வரை தினம் பதினோரு தடவை நடப்பார். உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தாலும் ஆடும்.

"காலை ஆட்டாதீங்க, கட்டில் கடலுக்குப் போயிரப் போவுது" என்பாள் மனைவி லேயாள்.

"அந்த ஆளு வாயால ஒரு வார்த்தை. அன்னைக்கு ஒன்பதாவதை நான் ஏத்தலைன்னு பத்துப் பேர் முன்னால ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் இந்தக் கால் ஆடிச்சுன்னா வெட்டிப் போடு."

இப்படியிருக்கையில்தான் இந்த வருடத்துப் பண்டிகையின் எட்டாம் நாள், எட்டு விளக்கும் ஏற்றினபிறகு ஒன்பதாவது பிடிக்கவில்லை. ஜெப ஆலயத்தில் வசனம் சொல்லி எண்ணுகிறவரான ஓபேத் திரியை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், தீக்குச்சி காலியாயிற்று. ஒன்பதாவது எரியவில்லை. எட்டு விளக்கும் அணையவில்லை. அரைமணி நேரத்தில் குடித்து முடிக்க வேண்டிய எண்ணெயை அவை தொடாமல் எரிந்தன. விடிந்த பிறகும் எரிந்தன. சூரியன் வந்து அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டான். வெளிச்சம் ஜன்னலைவிட்டு இறங்கி, யூதத் தெருவைக் கடந்து, மீன் ஏலக்கூடத்துக்குப் போய், பஸ் நிற்கிற புளியமரத்தடியைச் சுற்றி, பனங்காட்டு எல்லை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. தேன் நிறத்தில் நல்ல வெளிச்சம். எறும்பின் காலைக்கூட எண்ணலாம் போல அத்தனை தெளிவு. ஆனால் அதில் எந்த வேலையும் செய்ய முடியவில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் மிக்கேலம்மாள். அரிவாள்மணையில் மீனை வைத்தாள், கை நின்றுவிட்டது. வலி இல்லை, மரத்துப்போகவில்லை. எதற்குக் கையைத் தூக்கினோம் என்பது கைக்கே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து நாவிதர் கடையில் தலைமையாசிரியர் பாதி மீசையோடு எழுந்து வந்தார். தையல்காரரின் கால் மிதிமேல் ஓய்ந்தது. பஸ் எல்லையில் நின்றது, டிரைவர் இறங்கி நடந்து வந்து சும்மா உட்கார்ந்துகொண்டார். புகார் எழுத உட்கார்ந்த ஏட்டய்யா பேனாவை ஒரு பூவைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கலாம், பேசலாம், பார்க்கலாம், தின்னக் கொடுத்தால் தின்னலாம். வேலை மட்டும் கிடையாது.

யாரும் ஓடவில்லை. கோரைமுனை புயல்களைப் பார்த்த ஊர். இரண்டு நாள் வானத்தைத் திட்டிவிட்டு மூன்றாம் நாள் வழி பண்ணிக்கொண்டது. பிள்ளையார் கோயில் தெருப் பெண்கள் பிந்தி வந்த கார்த்திகை என்று கும்பிட்டுப் போனார்கள். பள்ளிவாசலில், கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, பிரார்த்தனைக்கு இடைஞ்சல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் சுவரைத் தாண்டாது என்று தெரிந்ததும் சனங்கள் வீட்டுப் பின்புற நிழலில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதற்குள் உலை வைத்தார்கள். பக்கீர் மைதீன் நான்கு குடைகளை ஒன்றாகக் கட்டி அவற்றுக்கு அடியில் டீ ஆற்றினான். கையைச் சும்மா வைத்திருக்கப் பழகாத சனங்கள் தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். வலை பின்ன முடியாத விரல்கள் காற்றில் பின்னிக்கொண்டே போயின. வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முப்பது வருடம் கூடக் குடித்தனம் செய்த புருஷனுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை ஒருத்தி அப்போதுதான் பார்த்தாள். இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று, அதிக நேரம் பார்த்ததால் ஒன்று முறிந்தது. வரப்புச் சண்டைக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாளெல்லாம் முறைத்துப் பார்த்து, கடைசியில் ஒருவர் காது மற்றவருடைய அப்பன் காது மாதிரியே இருக்கிறது என்ற இடத்தில் வந்து நின்றார்கள்.

மூன்றாம் வாரம் வெளிச்சம் சுவர் மூலையில் திரும்பக் கற்றுக்கொண்டது. பிறகு தார்ப்பாய்க்குள்ளும் வந்தது, குடைக்கு அடியிலும் வந்தது. கஞ்சி காய்ச்ச எல்லை தாண்டி ஏழு மைல் நடக்க வேண்டியதாயிற்று. தோணிகள் மணலில் வெடித்தன. குழந்தைகளின் கன்னத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது, அந்த வெளிச்சத்தில் அது மிக நன்றாகவே தெரிந்தது.

அப்படி ஒரு நாள் காலையில்தான் நெகேமியா வழக்கம்போலத் தெருவில் நாலாவது தடவை நடந்து வந்து, பக்கீர் மைதீன் கடை முன்னால் நின்று, மடியிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

பக்கீர் மைதீன் எழுந்து நின்றான். "ஓய் நெகேமியா."

"என்ன வே?"

"பீடி."

"ஆமா, பீடிதான். என்ன, உம்மகிட்டயா கேட்டேன்?"

"பத்த வச்சீரே ஓய்! உம்ம கையால பத்த வச்சீரே!"

நெகேமியா பீடியைப் பார்த்தார். தான் இத்தனை நாளும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அவரை ஊர் உற்றுப் பார்ப்பதை விட்டு நாற்பத்தோரு வருடம் ஆகியிருந்தது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. ஏன் அவர் கை மட்டும் ஓடுகிறது என்று ஆராய யாருக்கும் பொறுமை இல்லை. ஒருமுறை அந்த வெளிச்சத்தில் காரியம் செய்தவன் கையை அது பழகி வைத்திருக்கும் என்று மிக்கேலம்மாள் ஒரு பேச்சுக்குச் சொன்னாள், அதையே ஊர் எடுத்துக்கொண்டது.

மத்தியானத்துக்குள் அவர் வீட்டு முன்னால் ஊரே நின்றது. ஊசியும் நூலுமாக ஒரு வரிசை, மீனும் அரிவாள்மணையுமாக ஒரு வரிசை, பாதி மீசையோடு தலைமையாசிரியர். நெகேமியா அறுத்தார், கோர்த்தார், மழித்தார், எழுபது உலைக்குத் தீ மூட்டினார். "மாமா, எனக்கு முதல்ல" என்றும் "அய்யா, பிள்ளை பசியில கெடக்கு" என்றும், நாற்பத்தோரு வருடம் காதில் விழாத சொற்கள் நான்கு பக்கமிருந்தும் வந்தன. நான்கு நாள் அவர் கால் ஆடவில்லை. ஐந்தாம் நாள் கை சோர்ந்தது. ஒரு மனுஷன் ஓர் ஊருக்கு எத்தனை நாள் உலை வைப்பான்?

அன்று ஓபேத் வந்தார். பழைய புத்தகங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒன்பதாவது இல்லாததுதான் காரணம். அதை ஏத்தினா மத்ததெல்லாம் வேலைக்கார விளக்கு வெளிச்சம்னு ஆயிரும், கை ஓடும். ஏத்த உங்க கையாலதான் ஆகும்."

"நல்லாருக்கு. நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால இதே புஸ்தகத்தைப் பார்த்திருக்கலாமே? அன்னைக்கு நீரும் அங்கதான நின்னீரு, பதினாலு வயசுல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு?"

ஓபேத் இப்போதும் தலையைக் குனிந்தார்.

"ஏத்துறேன். முதலாளி வரட்டும். உங்க எல்லார் முன்னாலயும், அன்னைக்கு ஒன்பதாவதை நான் ஏத்தலைன்னு சொல்லட்டும். ஏத்துறேன்."

ஊர் பிரிந்து பேசியது. பாவம் மனுஷன், ஒரு வார்த்தைதானே கேட்கிறான் என்றார்கள் சிலர். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது வார்த்தைக்குப் பேரம் பேசுகிறானே என்றார்கள் சிலர். மிக்கேலம்மாள் இரண்டு கட்சியிலும் இருந்தாள். நெகேமியா பிள்ளைகளுக்கு மட்டும் உலை வைத்தார், பெரியவர்களுக்கு இல்லை என்றார். லேயாளின் கை நெய்யப்பம் தட்டுகிற மாதிரி மடியில் அசைந்துகொண்டிருந்தது.

மொர்தெகாய் முதலாளிக்கு எண்பத்தெட்டு வயது. ஏழாவது நாள் மருமகள் சிப்போராளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினார். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் தூக்குவது வேலை, யார் கையும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, பதினோரு வீட்டுத் தெருவை, காலையில் தொடங்கி, மழைத் தூறலில் ஓர் ஆமை போல நடந்தார். ஊர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. ஏழாவது வீட்டு முன்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் சேறு ஏறுவதை எல்லாரும் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் நெகேமியாவைப் பார்த்தார்கள்.

நெகேமியா போய்க் குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார். நனைந்த ஓலைக்கட்டு அளவுதான் கனம்.

"எலும்பு குத்துது லே" என்றார் முதலாளி, காதுக்குப் பக்கத்தில்.

"எனக்கு நாப்பத்தோரு வருஷமா குத்துது. சொல்லுவீங்கதானே?"

நான்கு வீட்டு தூரம் இருந்தது. முதலாளியின் மூச்சு நெகேமியாவின் கழுத்தில் சூடாகப் பட்டது. ஒரு வீடு தாண்டியது. இரண்டு தாண்டியது.

"ஏத்தலைன்னு நான் சொன்னேன்னு வையி. அப்போ உன்னைத் தள்ளினது தப்பு. உன்னைத் தள்ளினது தப்புன்னா இங்க அன்னையில இருந்து பத்துப் பேர் இருந்திருக்கு. பத்துப் பேர் இருந்தும் இந்தத் தெருவுல செத்த ஒருத்தருக்கும் ஜெபம் இல்லாமப் போச்சு. இருபத்தாறு சாவு நெகேமியா. என் பொஞ்சாதி அதுல ஒருத்தி. அத்தனையும் என் தலையில வந்து விழும்டா."

"விழட்டும்."

"எண்பத்தெட்டு வயசுத் தலைடா."

"என் மவனுக்குப் பத்தொன்பது வயசுத் தலை."

முதலாளியின் கை நெகேமியாவின் தோளை இறுக்கிப் பிடித்தது, அது பயமா, சம்மதமா என்று தெரியவில்லை.

ஜெப ஆலயத்தில் ஆண்கள் நின்றார்கள், மாடத்தில் பெண்கள் நின்றார்கள், ஜன்னலில் ஊர் நின்றது. நெகேமியா நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு உள்ளே கால் வைத்தார், முதுகில் அவரைத் துரத்தியவரோடு. இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். எட்டு விளக்கும் கண்ணைக் கூசவைக்காமல் எரிந்தன. ஓபேத் வசனத்தைத் தொடங்கி ஆளுக்கொரு சொல்லாகக் காட்டிக்கொண்டே வந்து, ஒன்பதாம் சொல்லை முதலாளிக்குச் சொல்லி, பழக்கதோஷத்தில் நிறுத்தினார்.

எல்லாரும் முதலாளியின் வாயைப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் உதட்டின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அது திறந்தது, மூடியது. பிறகு முதலாளி மோவாயை நெகேமியாவின் பக்கம் நீட்டி, அந்தத் தெருவில் யாரும் நாற்பத்தோரு வருடமாகக் கேட்டிராத பத்தாவது சொல்லை, உரக்க, சுத்தமாகச் சொன்னார்.

மாடத்தில் யாரோ விம்மினார்கள். "சொல்லிட்டாருல்லா! ஏத்தும் வே!" என்று ஜன்னலில் மிக்கேலம்மாள் கத்தினாள், அவளுக்கு எபிரேயம் தெரியாது. நெகேமியாவுக்குத் தெரியும். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. உள்ளே வா என்கிறார், எதற்காக வெளியே நின்றாய் என்பதைச் சொல்லமாட்டேன் என்கிறார். இதை வாங்கிக்கொண்டால் அது கிடைக்காது என்று நெகேமியாவுக்குத் தெரிந்தது. திரும்பி நடந்துவிடலாம், கால் அதற்குத் தயாராக ஆடியது.

மாடத்தைப் பார்த்தார். லேயாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்குச் சொல்லுங்க" என்றாள். "பத்துப் பேர் இருக்கு. மத்ததெல்லாம் பெறகு. முதல்ல பிள்ளைக்குச் சொல்லுங்க."

அவர் சொன்னார். மனப்பாடமாக வைத்திருந்த ஜெபம், தெருவில் நடக்கும்போதெல்லாம் உதட்டுக்குள் ஓட்டிப்பார்த்த ஜெபம், நின்று சொன்னால் மூன்று நிமிஷத்தில் முடிந்துபோனது. ஒன்பது ஆண்கள் ஆமென் சொன்னார்கள், அவற்றில் ஒன்று முதலாளியின் கிழட்டு ஆமென். பிறகு ஓபேத் தன் அப்பாவுக்குச் சொன்னார், மற்றவர்கள் தங்கள் தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள், முதலாளி தன் மனைவியின் பேரைச் சொல்லி அழுதார். இருபத்தேழு பேரும் முடிய வெகுநேரமாயிற்று.

அதன்பிறகு நெகேமியா ஒன்பதாவது குழியில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, ஒரே குச்சியில் ஏற்றினார். அது சாதாரணமாகப் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் நின்ற ஊர் தன் கையைப் பார்த்தது, விரலை மடக்கிப் பார்த்தது, அடுத்த நிமிஷம் ஜன்னலில் ஒருவரும் இல்லை. அரிவாள்மணைச் சத்தமும் தையல்மெஷின் சத்தமும் பஸ் ஹாரனும் ஒன்றாகக் கிளம்பின. யாருக்கும் யாருடைய முகத்தையும் பார்க்க அதற்குமேல் நேரமில்லை. எட்டு விளக்கும் மிச்ச எண்ணெயைக் குடித்துவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

"ஆச்சா நெகேமியா?" என்றார் முதலாளி.

"பிள்ளைக்கு ஆச்சு முதலாளி. எனக்கு ஆகலை."

சேற்றில் உட்கார்ந்ததில் முதலாளிக்கு நெஞ்சில் சளி கட்டியது. நான்காம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். இந்தச் செய்தி டீக்கடைக்கு வந்தபோது நெகேமியா பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடி ஊர் அதுவரை பார்த்ததில்லை. முதலாளி வீட்டுக்குள் போய், மருந்துப் பாட்டில்களை வரிசைப்படுத்தி, ஜன்னலில் துணி கட்டி, நெஞ்சில் எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்து, அவரை உட்கார வைத்து முதுகைத் தட்டி, விடியவிடியச் சளியைத் துடைத்தார். மறுநாளும் போனார். படுக்கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவர்தான். சிப்போராள் கண்கலங்கி, எங்க சொந்தப் பிள்ளைங்ககூட இப்படிப் பார்க்கலை மாமா என்றாள். மன்னிக்கிறதுன்னா இதுதான் என்று தெரு சொன்னது, பக்கீர் மைதீன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். நெகேமியா யாரையும் திருத்தவில்லை. சொல்லவேண்டியவர் சாகக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. ஜெப ஆலயத்தில் பத்தாவது ஆளாக நின்று முதலாளியின் ஆயுசுக்காக அவர் வேண்டிக்கொண்டது போல அந்தத் தெருவில் யாரும் யாருக்காகவும் வேண்டியதில்லை.

முதலாளி பிழைத்தார். இப்போது எண்பத்தொன்பது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. தினம் காலையில் நெகேமியா கஞ்சியைக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு கால் ஆட, உட்காருகிறார்.

"சொல்லுங்க."

"எதை?"

"அதை."

முதலாளி சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், வெளியே மழை வருமா என்று விசாரிக்கிறார்.

"கஞ்சியில உப்பு இல்லை" என்கிறார் கடைசியில்.

நெகேமியா எழுந்துபோய் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டு வருகிறார். கரண்டியை ஊதி ஆற்றி, உதட்டருகே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். முதலாளி வாயைத் திறக்கிறார், கஞ்சிக்கு.